கடையில் பேஸ் கிட்டார் வாசித்துப் பார்க்கும்போது: எந்தக் கோளாறு தீரும், எது தீராது

கம்பி கரகரக்கிறது என்று ஒருவர் ஒதுக்கிவிட்டுப் போகும் பேஸ், பெரும்பாலும் கால் மணி நேர வேலையில் சரியாகிவிடக்கூடியது. அவரே பூரிப்போடு வாங்கிப்போன இன்னொரு பேஸில் யாராலும் தீர்க்க முடியாத ஒரு குறை இருக்கும். அது தெரியவர ஆறு மாதம் ஆகும். கடையில் உடனே காதில் படுகிற குறைகளில் பலவும் ஒரு திருகைத் திருகினால் போய்விடும். தீராத குறைகள் தேடினால்தான் அகப்படும். அதனால் எந்த அறிகுறி தென்பட்டாலும் ஒன்றைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: இது திருப்புளியால் தீருமா, காசு செலவழித்தால் தீருமா, இல்லை பேஸை ஸ்டாண்டில் வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டியதுதானா?

கையோடு கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. உங்கள் சொந்த கேபிள், பேஸின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் கவ்விக்கொள்ளும் டியூனர், தோளில் மாட்ட ஸ்ட்ராப், ஒரு விசிட்டிங் கார்டு, ஏடிஎம் கார்டு. 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் இருந்தால் இன்னும் நல்லது. டியூனர் ஆப் போதாதா என்றால், பக்கத்தில் ஒருவர் கீபோர்டு தட்டிக்கொண்டிருக்கும்போது போன் மைக்குக்கு எந்தச் சத்தம் யாருடையது என்று தெரியாது. முடிந்தால் வார நாளில், கடை திறந்த கையோடு போங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிரம்ஸ் பகுதிக்குப் பக்கத்தில் நின்று பேஸ் சோதிப்பது வீண் வேலை.

எதைச் சோதிப்பதற்கு முன்னாலும் இரண்டு காரியம். தடிமனான கம்பியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி நான்கையும் சுருதி சேருங்கள். கடையில் தொங்கும் பேஸ் அரை சுரம் இறங்கியே இருக்கும், அதில் செய்யும் எந்தச் சோதனையும் பொய். அப்புறம் ஆம்ப்பில் செருகாமல் கொஞ்ச நேரம் வாசியுங்கள். பாடியின் மேல்கொம்பில் காதை வைத்துக்கொண்டு வாசித்தால், ஆம்ப் மறைக்கிற எல்லாமே கேட்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

கம்பி கரகரக்கிறது

அந்தக் கரகரப்பு ஆம்ப் வழியாகவும் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். ஆம்ப் இல்லாதபோது லேசாகக் கேட்டு, செருகியதும் மறைந்துவிடுகிறதென்றால் விட்டுவிடலாம். பேஸ் கம்பி தடிமனானது, அதன் வீச்சும் பெரிது. கொஞ்சம் உரசத்தான் செய்யும். வலது கையையும் சற்று இளக்கிப் பாருங்கள். நாலு பேர் பார்க்க வாசிக்கும்போது வீட்டில் அடிப்பதைவிட ஓங்கித்தான் அடிப்போம்.

ஆம்ப்பிலும் கேட்கிறதென்றால், எங்கே என்று தேட வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக (நெக் எனும் நீண்ட கைப்பிடியின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்), ஒரே அழுத்தத்தில், நிதானமாக மேலே போங்கள். நான்கு கம்பி, இருபதுக்கு மேல் ஃப்ரெட். எண்பது சுரங்களுக்கு மேல் வரும். அலுப்பான வேலைதான், ஆனால் கரகரப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் மட்டும் கரகரத்தால், நெக் அளவுக்கு மேல் நேராக இருக்கிறது, அல்லது பின்பக்கம் வளைந்திருக்கிறது. நெக்கில் முன்பக்கமாக மிக லேசான ஒரு வளைவு இருக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் விசிட்டிங் கார்டு. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் இடது கையாலும், நெக் பாடியோடு சேருமிடத்தில் 16 அல்லது 17-வது ஃப்ரெட்டில் வலது கையாலும் அழுத்திப் பிடியுங்கள். இப்போது கம்பி ஸ்கேல் வைத்ததுபோல் நேராக நிற்கும். 7, 8-வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கார்டை நுழைக்கச் சொல்லிக் கூட வந்தவரிடம் கொடுங்கள். கார்டு சுமார் 0.3 மி.மீ. இருக்கும். கம்பியைத் தூக்காமல், லேசாக உரசியபடி உள்ளே போய் நின்றால் வளைவு சரி. நுழையவே இல்லை, கம்பி ஃப்ரெட்டின் மேல் படுத்துக் கிடக்கிறதென்றால் வளைவு போதாது. 0.76 மி.மீ. தடிமனுள்ள ஏடிஎம் கார்டே தாராளமாகப் போய் வருகிறதென்றால் வளைவு அதிகம்.

இரண்டுமே நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகினால் தீரும். நீங்கள் திருகாதீர்கள், கடையில் உள்ளவரைச் செய்யச் சொல்லுங்கள். இதில் ஒரு லாபமும் உண்டு. அவர் ஆலன் கீயைப் போட்டுக் கால் சுற்று திருப்பும்போது அந்த ராட் வேலை செய்கிறதா என்பது உங்கள் கண் முன்னாலேயே தெரிந்துவிடும். திருப்பியும் நெக் அசையவில்லை, திருகின் வாய் மழுங்கியிருக்கிறது, ராட் ஏற்கெனவே கடைசிவரை இறுகிப்போய் நிற்கிறது என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

கம்பியை எங்கேயும் அழுத்தாமல் வாசிக்கும்போது மட்டும் கரகரத்தால் கோளாறு நட்டில். ஹெட்ஸ்டாக்குக்கு அருகே கம்பிகள் உட்காரும் அந்தச் சின்னத் துண்டில் பள்ளம் ஆழமாகிவிட்டது. புது நட் போட வேண்டும்; சிறு செலவு. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால், அதற்கு அடுத்த ஃப்ரெட் மேலே எழும்பியிருக்கும். ஏடிஎம் கார்டின் நீள விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். நடு ஃப்ரெட் உயரமாக இருந்தால் கார்டு சீசா ஆடும். முதல் சில ஃப்ரெட்டுகளில் இடைவெளி அதிகம், கார்டு எட்டாது. அங்கே ஸ்டீல் ஸ்கேல் வேண்டும். ஒரு ஃப்ரெட்டைச் சரிசெய்வது பெரிய காரியமில்லை. ஐந்தாறு இடத்தில் ஆடினால் நெக் முழுவதையும் சமன் செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கூலியை விலையோடு கூட்டிப் பாருங்கள்.

12-வது ஃப்ரெட்டுக்கு மேல் கரகரத்தால் இரண்டு சாத்தியம். பிரிட்ஜில் (பாடியில் கம்பிகள் முடியும் இடம்) கம்பியைத் தாங்கும் சேடில் மிகத் தாழ்வாக இருக்கலாம். அது ஒரு நிமிஷ வேலை. 12-வது ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை ஈ கம்பிக்குச் சுமார் 2.5 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. என்பது வசதியான உயரம். சேடிலை உயர்த்தி, கம்பி 3.5 மி.மீ. உயரத்துக்குப் போன பிறகும் மேல் ஃப்ரெட்டுகள் கரகரக்கின்றன என்றால், நெக் பாடியோடு சேருமிடத்தில் மரம் மேல்நோக்கி எழும்பியிருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது. செலவு வைக்கிற குறை. புது பேஸில் இதைச் சகித்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. சேடில்களை அடிமட்டம்வரை இறக்கியும் கம்பி உயரமாகவே நிற்கும். போல்ட் போட்ட நெக் என்றால் மூட்டில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். பாடிக்குள் ஊடுருவிப் போகும் நெக் என்றால் அதற்கும் வழியில்லை.

ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது

பலருக்கும் கடையில் அகப்படாத குறை இதுதான். போல்ட் போட்ட மர நெக் பேஸ்கள் பலவற்றில் ஜி கம்பியின் 5 முதல் 7-வது ஃப்ரெட் வரை எங்கோ ஒரு சுரம் மற்றவற்றைப்போல் நீளாது. அடித்ததும் 'டும்' என்று வந்து, சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். டெட் ஸ்பாட் என்பார்கள். நெக்குக்கும் தனக்கென்று ஒரு அதிர்வெண் உண்டு. கம்பியின் சுரம் அதோடு ஒத்துப்போகும்போது, கம்பியில் இருக்க வேண்டிய அதிர்வை நெக் வாங்கிக்கொள்கிறது. அந்த இடத்து சுரங்கள் சுமார் 131 முதல் 147 ஹெர்ட்ஸ் வரை.

நம்மூரில் பேஸை வாங்கிப் பார்க்கும் பலர் முதலில் வாசிப்பது ஏதாவது ஒரு இளையராஜா பாட்டின் பேஸ் லைனை. நல்ல தேர்வுதான், அந்த லைன்கள் நெக்கின் நடுப்பகுதி முழுக்கச் சுற்றி வரும், ஒரே இடத்தில் உட்காராது. ஆனால் ஓடுகிற லைனில் எந்தச் சுரமும் ஒரு நொடிக்கு மேல் நிற்பதில்லை. டெட் ஸ்பாட் தெரிய சுரத்தை அடித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

ஜி கம்பியின் 5-வது ஃப்ரெட்டை அடித்து, விரலை எடுக்காமல் காத்திருங்கள். அதே சுரம் டி கம்பியின் 10-வது ஃப்ரெட்டில் இருக்கிறது. அதையும் அதே அழுத்தத்தில் அடியுங்கள். இரண்டும் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று மனசுக்குள் எண்ணினால் போதும். 6-க்கு டி கம்பியில் 11, 7-க்கு 12. எல்லா மர நெக்கிலும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஒன்று எட்டு எண்ணும்வரை நின்று, மற்றது மூன்றிலேயே காணாமல் போகிறதென்றால் அதுதான் டெட் ஸ்பாட்.

உறுதி செய்ய ஒரு வழி: ஹெட்ஸ்டாக்கின் நுனியைக் கதவு நிலையிலோ சுவரிலோ மெதுவாகச் சாய்த்துக்கொண்டு (நடுவில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள், கீறல் விழுந்தால் பேஸ் உங்களுடையதாகிவிடும்) அதே சுரத்தை அடியுங்கள். சுரம் நீண்டுவிட்டால் குற்றவாளி நெக்தான். ஹெட்ஸ்டாக்கில் எடை சேர்த்தாலும் சுரம் நீளும், ஆனால் குறை போகாது. பக்கத்து ஃப்ரெட்டுக்கு நகரும், அவ்வளவுதான். கம்பியை மாற்றினாலும், கம்பியின் அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப்பை மாற்றினாலும் போகாது.

அதற்காக அந்த மாடலையே ஒதுக்க வேண்டாம். ஒரே மாடலில் இரண்டு பீஸ் எடுத்தால் ஒன்றில் உறுத்தும், இன்னொன்றில் தேடினாலும் கிடைக்காது; எல்லாம் மரத்தைப் பொறுத்தது. "அண்ணே, இதே மாடல்ல இன்னொரு பீஸ் இருந்தா காட்டுங்க" என்று கேளுங்கள். குடோனிலிருந்து எடுத்துவர அவர் சலித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

உய்ங் என்று இரைகிறது

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பியில் 3-வது ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ். அதாவது கரன்ட் இரைச்சல் பேஸின் சொந்த வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. லீட் கிட்டாரைவிட இங்கே அது தெளிவாகக் கேட்கும். அதனால் பேஸைக் குறை சொல்வதற்கு முன் மற்றதையெல்லாம் விலக்குங்கள்.

பேஸில் வால்யூமைப் பூஜ்யமாக்கியும் இரைச்சல் குறையவில்லை என்றால் ஆம்ப்பிலோ கேபிளிலோ கோளாறு. உங்கள் கேபிளை மாட்டிப் பாருங்கள். வால்யூம் ஏற ஏற இரைச்சலும் ஏறுகிறதென்றால் பேஸ் பக்கம் வாருங்கள். கம்பியின் மேல் கையை வையுங்கள். கை வைத்ததும் இரைச்சல் தணிந்தால் வயரிங் ஒழுங்காக இருக்கிறது; அப்படித்தான் இருக்க வேண்டும். கம்பியைத் தொட்டால் தணியவில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் தணிகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டுப்போயிருக்கலாம். ஒரு பற்றவைப்பில் முடிகிற வேலை. வாங்கும் முன் கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள். சில ஆக்டிவ் (பேட்டரியில் இயங்கும்) பிக்கப்களில் இந்த வயர் வேண்டுமென்றே இருக்காது, அங்கே இந்தச் சோதனை செல்லாது.

ஜாஸ் பேஸ் வகை, அதாவது இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், தனித்தனி வால்யூம் என்றால் இரண்டையும் முழுதாகத் திறந்து பாருங்கள். இரண்டு பிக்கப்பின் இரைச்சலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். இது கோளாறில்லை, அந்த வடிவமைப்பின் குணம். 1957-லிருந்து பிரிசிஷன் பேஸ் என்ற மாடலில் வரும் இரண்டாகப் பிளந்த பிக்கப்பில் இந்தத் தொல்லை இல்லை. அதில் இரைச்சல் வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே பேஸைக் கால் வட்டம் திருப்பிப் பிடியுங்கள். இரைச்சல் கூடிக் குறைந்தால் பக்கத்திலிருக்கும் அடாப்டர், டிம்மர், எல்.இ.டி. விளக்கு எதிலிருந்தோ வருகிறது.

கம்பியைத் தொட்டால் சுரீரென்கிறதா? உடனே கையை எடுங்கள், சோதனையை நிறுத்துங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருக்கிறார்களா, அந்த பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று கடைக்காரர் பார்க்கட்டும். வேறு பாயின்ட், வேறு ஆம்ப் கிடைத்தால் ஒழிய அங்கே வாசிக்காதீர்கள். 230 வோல்ட்டோடு "லேசாத்தான் சார் அடிக்குது" என்கிற பேச்சே வேண்டாம்.

சத்தமே இல்லை, அல்லது வந்து வந்து போகிறது

ஆக்டிவ் பேஸ் என்றால் முதல் சந்தேகம் பேட்டரி. பெரும்பாலானவற்றில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும், கேபிளைச் செருகியதுமே அது செலவாகத் தொடங்கிவிடும். ஷோரூமில் கேபிளைப் பிடுங்காமல் விட்டிருந்தால் தீர்ந்திருக்கும். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியில் சத்தம் முதலில் பிசிறடிக்கும், பிறகு தேயும். புதுசு போடச் சொல்லிவிட்டுத் திரும்ப வாசியுங்கள்.

கேபிளை ஜாக்கில் ஆட்டினால் விட்டுவிட்டு வருகிறதென்றால் ஜாக் தளர்ந்திருக்கிறது. வால்யூம், டோன் குமிழைத் திருகும்போது கரகரவென்றால் தூசி. பத்து முறை முன்னும் பின்னும் திருகினாலே பாதி போய்விடும், மீதிக்கு கான்டாக்ட் கிளீனர். இவை எதுவும் ஒரு பேஸை வேண்டாம் என்று சொல்லக் காரணமாகாது. விலை பேசும்போது சொல்லிக்காட்டலாம்.

மேலே போகப் போக சுருதி பிசகுகிறது

12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல், விரல் நுனியால் தொட்டபடி மீட்டி ஹார்மோனிக்கை எடுங்கள். டியூனரில் பாருங்கள். அதே இடத்தில் அழுத்தி வாசித்துத் திரும்பப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏற்றமாக இருந்தால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறக்கமாக இருந்தால் முன்னால். இதைக் கடையில் எந்தப் பையனும் செய்து தருவான். நீங்கள் பார்க்க வேண்டியது சேடிலுக்கு நகர இன்னும் இடமிருக்கிறதா என்பதைத்தான். திருகின் கடைசிவரை போயும் சுருதி சேரவில்லை என்றால் பிரிட்ஜே தப்பான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கலாம்.

அப்படி முடிவுகட்டுவதற்கு முன் கம்பியின் வயதைப் பாருங்கள். கம்பியின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினால், ஃப்ரெட் படும் இடங்களில் தழும்பு தழும்பாகத் தட்டுப்படுகிறதா, விரலில் கறுப்பாக ஒட்டுகிறதா? கடலோர ஊர்க் கடைகளில் மாதக்கணக்காகத் தொங்கும் பேஸில் இது சாதாரணம். அந்தக் கம்பியில் எவ்வளவு திருகினாலும் சுருதி நிற்காது.

12-வதில் சரியாக இருந்து முதல் இரண்டு ஃப்ரெட்டுகளில் மட்டும் சுரம் ஏற்றமாக வந்தால், நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. கம்பியை அழுத்த அங்கே அதிக பலமும் தேவைப்படும். அரம் போட்டுச் சரிசெய்வார்கள்.

சுருதி சேர்த்துப் பத்து நிமிஷத்தில் இறங்கிவிட்டால் டியூனிங் கீயை உடனே குற்றம் சொல்லாதீர்கள். கம்பியை ஃப்ரெட்போர்டிலிருந்து இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்துவிட்டு, மறுபடி சேருங்கள். கீயில் கம்பி ஒரே ஒரு சுற்று சுற்றியிருந்தாலும் நழுவும். இதெல்லாம் பார்த்த பிறகும் இறங்கினால், கீயைத் திருகும்போது நடுவில் சும்மா சுற்றுகிறதா என்று பாருங்கள். மாற்றலாம், காசுதான்.

ஒரு கம்பி மட்டும் ஈனமாகக் கேட்கிறது

பிக்கப்பின் உயரத்தைத் திருப்புளியால் அந்தப் பக்கம் ஏற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. ஐந்து கம்பி பேஸின் பி கம்பி மட்டும் விதிவிலக்கு. அது 31 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கிறது. கடையின் சின்ன ஆம்ப்பில் தொளதொளவென்றுதான் கேட்கும். அதை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சத்தம் சப்பென்று இருக்கிறது

கடைகளில் சோதிக்கக் கொடுக்கும் ஆம்ப் பெரும்பாலும் 15 வாட் பயிற்சி ஆம்ப். அதன் ஸ்பீக்கர் 8 அங்குலம் இருந்தாலே அதிகம். ஈ கம்பியின் அடிப்படை அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். அந்த ஸ்பீக்கர் அதை அனேகமாக எழுப்பாது. நீங்கள் கேட்பது அதன் இரட்டிப்பும் அதற்கு மேலுள்ளவையும்தான். சில கடைகளில் லீட் கிட்டார் ஆம்ப்பிலேயே செருகிக் கொடுப்பார்கள். அதில் வைத்து இந்த பேஸ் நல்லது, அந்த பேஸ் மோசம் என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

பெரிய பேஸ் ஆம்ப் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் கையடக்க ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றைக் கொண்டுபோங்கள். காதை மூடும் ஹெட்ஃபோனில் கேட்டால் பிக்கப் என்ன தருகிறது என்பது ஓரளவு நேர்மையாகத் தெரியும். ஆம்ப்பில் பேஸ், மிடில், ட்ரெபிள் குமிழ் மூன்றையும் நடுவில் வையுங்கள். பேஸ் கிட்டாரிலேயே அடித்தொனியைக் கூட்டும் பூஸ்ட் இருந்தால் (ஐபனீஸ் ஜிஎஸ்ஆர்200 மாதிரி) முதலில் அதை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பூஸ்ட் போட்டால் எதுவுமே முதல் ஐந்து நிமிஷம் பிரமாதமாக இருக்கும்.

இரண்டு பேஸை ஒப்பிடும்போது ஒரே ஆம்ப், ஒரே அமைப்பு, ஒரே அளவு சத்தம். சத்தம் கொஞ்சம் கூடினாலே அது நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். ஆக்டிவ் பேஸ் பக்கத்தில் பாஸிவ் (பேட்டரி இல்லாத) பேஸ் தோற்றுப்போவது பல சமயம் இதனால்தான். பாஸிவுக்கு ஆம்ப்பில் வால்யூமைக் கூட்டிவிட்டுக் கேளுங்கள். கம்பியும் கணக்கில் உண்டு. ஒன்றில் புதுக் கம்பி, மற்றதில் இரண்டு வருஷக் கம்பி என்றால் நீங்கள் கேட்பது கம்பிகளின் வித்தியாசம். கம்பி மங்கிவிட்டது என்று தெரிந்தால் வாங்கும்போது புது செட் போட்டுத் தரக் கேளுங்கள். பேஸ் கம்பி லீட் கிட்டார் கம்பி மாதிரி சல்லிசாகக் கிடைப்பதில்லை. கேட்டுப் பெற்றால் நல்ல பேரம்.

தோளில் மாட்டினால் தலை கீழே போகிறது

உட்கார்ந்து மட்டும் வாசித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியவே வராது. ஸ்ட்ராப் மாட்டி எழுந்து நின்று, இடது கையை முழுசாக எடுத்துவிடுங்கள். நெக் இருந்த இடத்தில் நின்றாலோ மெதுவாகக் கொஞ்சம் இறங்கினாலோ சரி. தரையைப் பார்த்து விழுந்தால், இனி வாசிக்கும் நேரமெல்லாம் இடது கை சுரமும் பிடிக்க வேண்டும், நெக்கையும் தாங்க வேண்டும். ஸ்ட்ராப் மாட்டும் மேல்கொம்பு 12-வது ஃப்ரெட் பக்கம்வரை நீண்டிருக்கும் பேஸ்கள் பொதுவாகச் சமநிலையில் நிற்கும். கிப்சன் தண்டர்பேர்ட் வடிவத்துக்குத் தலை சாய்வது உலகறிந்த குணம். அழகுக்காக அதைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தோலால் செய்த அகலமான ஸ்ட்ராப், எடை குறைந்த டியூனிங் கீ இரண்டும் கொஞ்சம் உதவும். முழுக்கத் தீர்க்காது.

நின்றபடியே கால் மணி நேரம் இருங்கள். நான்கு, நாலரை கிலோ எடை முதல் ஐந்து நிமிஷத்தில் தோளுக்குத் தெரியாது.

இடது கை எட்டவில்லை, மணிக்கட்டு வலிக்கிறது

பெரும்பாலான பேஸ்கள் 34 அங்குல ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை கம்பியின் நீளம். முதல் ஃப்ரெட் கட்டத்தின் அகலம் மட்டுமே கிட்டத்தட்ட 5 செ.மீ. லீட் கிட்டாரிலிருந்து வருகிறவர்களுக்கு எட்டாதுதான். அங்கே விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று விரிக்க முயன்றால் யாருக்கும் வலிக்கும். முதல் நாலைந்து ஃப்ரெட்டுகளில் ஆள்காட்டி, நடு, சுண்டு விரல் என மூன்று ஃப்ரெட்டுக்குள் பிடித்து, தேவைக்குக் கையை நகர்த்திப் பாருங்கள். ஸ்ட்ராப்பையும் ஏற்றிக்கொள்ளுங்கள், முட்டிவரை பேஸைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடங்கத்தான் செய்யும். கம்பி உயரத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

இதற்குப் பிறகும் கஷ்டமென்றால் நெக்கின் பருமனை மாற்றிப் பாருங்கள். நட்டில் ஜாஸ் பேஸ் 38 மி.மீ., பிரிசிஷன் பேஸ் 41 மி.மீ. கேட்க மூன்று மி.மீ. தான், பிடித்தால் வேறு உலகம். அதுவும் போதவில்லை என்றால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல். குழந்தைகளுக்கு ஐபனீஸ் மிக்ரோ 28.6 அங்குலம். ஷார்ட் ஸ்கேலில் கம்பி சற்றுத் தளர்ந்திருக்கும், சத்தம் கொஞ்சம் உருண்டு வரும். அது பிடித்துப்போய் அதிலேயே நின்றுவிட்ட பெரியவர்கள் நிறையப் பேர். "அது சின்னப் பசங்களுக்குத் தம்பி" என்று கடையில் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நெக் ஓரம் விரலைக் கீறுகிறது

நெக்கின் இரு ஓரத்திலும் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஏ.சி. ஷோரூமின் வறண்ட காற்றில் மரம் சுருங்கி, சுருங்காத ஃப்ரெட்டின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அரம் போட்டால் தீரும். ஃப்ரெட் முனையே பள்ளத்திலிருந்து எழும்பி, நகத்தால் தூக்க முடிகிறது என்றால் அது வேறு, அதை எடுக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் பேஸ்

மேலே சொன்ன எல்லாமும் இதற்கும் பொருந்தும். கூடுதலாக நெக்கின் முறுக்கு. பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கின் நீளத்துக்குப் பாருங்கள். நட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று ஒருபக்கம் சாய்ந்து தெரிந்தால் மரம் முறுக்கிக்கொண்டது; ட்ரஸ் ராடால் அதைச் சரிசெய்ய முடியாது. ஹெட்ஸ்டாக் நெக்கோடு சேருமிடத்தில் பெயின்ட்டில் மயிரிழைக் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நெக் மூட்டில் உள்ள இடைவெளியில் விசிட்டிங் கார்டு முழுசாகப் போய் நின்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஃப்ரெட்டுகளில் கம்பி ஓடிய பள்ளம் நகத்தில் தட்டினால், ஃப்ரெட் வேலைக்கான காசையும் ஒதுக்கி வையுங்கள்.

"பாக்ஸ் பிரிக்காத பீஸ் தர்றேன் சார்"

எல்லாம் பார்த்து முடித்து, பணம் எடுக்கும் நேரத்தில் இது வரும். டிஸ்ப்ளே பீஸை எடுத்துப்போகாதீர்கள், குடோனில் புதுசு இருக்கிறது, சீல் கூடப் பிரிக்கவில்லை என்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். ஆனால் இவ்வளவு நேரம் நீங்கள் சோதித்தது அந்த பீஸை இல்லை. டிஸ்ப்ளே பீஸில் கீறல் ஏதுமில்லை என்றால் இதையே கொடுங்கள் என்று கேளுங்கள். மேலே கைபட்ட பீஸ் என்று விலையிலும் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். புதுசுதான் வேண்டும் என்றால் பாக்ஸைக் கடையிலேயே பிரித்து, சுருதி சேர்த்து, குறைந்தது ஜி கம்பியின் 5, 6, 7 ஃப்ரெட்டுகளையும் விசிட்டிங் கார்டு சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். செட்டப் செய்து தருவதாகச் சொன்னால் அதை இப்போதே செய்யச் சொல்லிக் காத்திருங்கள். பில்லில் மாடல் பெயரோடு சீரியல் நம்பரும் ஏறட்டும்; அது பெரும்பாலும் ஹெட்ஸ்டாக்கின் பின்புறத்திலோ நெக் மூட்டின் பின்னால் உள்ள உலோகத் தகட்டிலோ இருக்கும்.